ஷாஹினாஸ் கேட்க மறந்த கேள்வி

எங்கள் தமன்ஹூர் ஆஸ்பத்திரியில் வீட்டுக்குப் போகிறவர்களின் மருந்துப் பையைக் கட்டித் தருவது மருந்தாளர் ஷாஹினாஸ். பதினாறு வருஷமாக அதே மேசை. படிக்கத் தெரியாதவர்களுக்காகப் பெட்டியின் மேல் காலைக்குச் சூரியனும் ராத்திரிக்குப் பிறையும் வரைவாள். பையை மூன்று தடவை சரிபார்த்துவிட்டு நாலாவது தடவைக்கு என்னைக் கூப்பிடுவாள். வார்டு நர்ஸான எனக்கு அது பெரிய இம்சை.

ரமலானுக்கு முந்தின நாள் எல்லோருக்கும் வீட்டுக்குப் போக அவசரம். பத்தொன்பது பைகள். நோன்பு பிடிப்பீர்களா என்று நேராகக் கேட்டால் எங்கள் ஊரில் எந்த நோயாளியும் உண்மை சொல்ல மாட்டார். டாக்டர் கூடாது என்றால் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பிடிப்பார். அதனால் ஷாஹினாஸ் பேச்சோடு பேச்சாக, "சஹருக்கு யாரு எழுப்புவாங்க?" என்று கேட்பாள். சஹர் என்பது விடிவதற்கு முன் சாப்பிடும் நோன்புச் சாப்பாடு; எழுப்ப ஆள் இருந்தால் நோன்பு உண்டு என்று அர்த்தம். அன்று சர்க்கரை நோயாளியான ஹாஜி அப்துல் முஃத்தியிடம் அதைக் கேட்க மறந்துவிட்டாள்.

அவர் கிளம்பிப் பத்து நிமிஷம் கழித்து நான் சும்மா சொன்னேன்: "நாளைக்கு சஹர் எத்தனை மணி வரைக்கும்னு பெருசு என்கிட்ட கேட்டுச்சு."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "சூரியன் போட்ட இன்சுலின் ஊசி முப்பது யூனிட்டுடி. சஹர்ல அதைக் குத்திக்கிட்டு நாளெல்லாம் பட்டினி கிடந்தா, சர்க்கரை இறங்கி செத்துருவாரு."

போன் போட்டோம், எடுக்கவில்லை. வெள்ளைக் கோட்டோடு மினிபஸ் நிலையத்துக்கு ஓடினாள். பின்னாலேயே நானும். கண்ணெதிரே இரண்டு வண்டிகள் கிளம்பிப் போயின. மூன்றாவதில் ஹாஜி, மடியில் பை, பக்கத்தில் அவர் மனைவி உம்மு ரிதா.

அவள் வாயெடுப்பதற்குள் ஹாஜி முந்திக்கொண்டார்: "சத்தியமா நோன்பு பிடிக்க மாட்டேம்மா."

"அந்தச் சத்தியத்தைத்தான் டாக்டர்கிட்டயும் பண்ணீங்க. சஹருக்கு யாரு எழுப்புவாங்க?"

"இவதான்," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஷாஹினாஸ் அங்கேயே நின்று டாக்டருக்குப் போன் போட்டாள். அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, குறைத்த அளவுகளையும் கேட்டு வாங்கினாள். பெரிய ஊசி சாயங்காலம் நோன்பு திறக்கும்போது, சின்னது சஹருக்கு. பெட்டியில் சூரியனை அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தான்.

பையை அவள் ஹாஜியிடம் கொடுக்கவில்லை; உம்மு ரிதாவிடம் கொடுத்தாள். "நடுங்கினாலோ, வேர்த்தாலோ உடனே சர்க்கரைத் தண்ணி குடிக்க வைங்க. நோன்பு திறக்கிற மணி வரட்டும்னு பாக்காதீங்க."

"நோன்பை முறிச்சிட்டேன்னு என்னைத் திட்டித் தீர்த்துருவாரேம்மா."

"திட்டட்டும்மா. திட்டுறதுக்கு மனுஷன் இருக்கணும்ல."