மணியக்காவின் தக்காளிக் குவியல்

தக்காளிப்பழத்தின் காம்பை மூக்கருகே கொண்டுபோனால் ஒரு பச்சை வாசம் வரும். இலை கசங்கிய வாசம்... அன்று காலையில் பறித்த பழமென்றால் கட்டாயம் வரும்.

அச்சுவேலிச் சந்தையில் மணியக்காவின் சாக்கு விரிப்பின் முன்னால் குந்தியிருந்து, ஒவ்வொன்றாக முகர்ந்துதான் எடுப்பேன். பூவா வாங்க வந்தாய் என்று மணியக்கா பகிடி பண்ணுவார்.

அம்மா இறந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. அன்றிலிருந்து பக்கத்து ஊரான புத்தூரில் எங்கள் வீட்டுக்காக இந்தச் சந்தைக்குப் போனதும் சமைத்ததும் நான்தான். அப்பா பள்ளிக்கூட மாஸ்ரர். வேதாகமத்தில் எந்த வசனம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் உடனே சொல்லுவார். உப்புப் போத்தல் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

பத்து வருடம் அப்படிப் போனது. பிறகு நான் குகனைக் கட்டினேன்.

குகன் தொண்டைமானாற்றுக்காரர். கடல் தொழில் செய்யும் குடும்பம், சந்நிதி முருகன்தான் எல்லாம். நாங்கள் ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போகிற மெதடிஸ்த குடும்பம். அப்பா சத்தம் போடவில்லை. பதிவுத் திருமணத்துக்கு வரவுமில்லை. அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவுமில்லை.

அச்சுவேலியில் வாடகை வீடு எடுத்து இருந்தோம். ஒன்றரை வருடம் ஓடிவிட்டது...

ஒரு மாசி மாதச் சனிக்கிழமை. ஊர்த் தக்காளி நிறைய வருகிற காலம். பழம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, குவியலின் மற்றப் பக்கத்தில் ஒரு கை வந்தது. நீளமான விரல்கள். கரும்பலகையில் எழுத வெண்கட்டி பிடித்துக் காய்த்துப்போன பெருவிரல். நிமிர்ந்து பார்க்காமலே தெரிந்துவிட்டது.

ஒன்றரை வருடத்தில் அப்பாவைச் சந்தையில் கண்டது அதுதான் முதல் தரம். மெலிந்திருந்தார். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை.

அவர் எடுத்ததெல்லாம் நன்றாகக் கனிந்து கொழகொழத்த பழம். சிவப்புக் கூடினால் திறம் என்று நினைத்திருக்கிறார். அதுவும் ஒரு கிழமைக்குப் போதுமான அளவு. திங்கட்கிழமைக்கே அழுகிவிடும். எனக்குப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நேரே சொல்லவும் வாய் வரவில்லை.

"மணியக்கா, மாஸ்ரருக்குச் சொல்லுங்கோ. எல்லாத்தையும் பழமா எடுத்தால் ரெண்டு நாளைக்கு மேலை நிக்காது. செங்காயும் கொஞ்சம் எடுக்கட்டாம்."

மணியக்கா என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். கையெட்டும் தூரத்தில் நின்ற மனிதருக்கு நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னார். அப்பா பையைக் குவியலில் கவிழ்த்துவிட்டு, செங்காய் என்றால் எது என்று மணியக்காவிடம் கேட்டார்.

நான் பொறுக்கி அவர் பக்கமாக வைத்தேன். இன்றைக்கும் நாளைக்கும் நாலு பழம். மற்றதெல்லாம் பச்சை மாறி மஞ்சள் விழுந்த செங்காய். மேல்பக்கம் வெடிக்காதது, கையில் பாரமாக இருப்பது... அவர் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அடுத்த சனியும் வந்தார். அதற்கடுத்ததும். நான் சொல்ல, மணியக்கா சொல்ல, அவர் கேட்க... நாலாவது கிழமை மணியக்காவுக்கு அலுத்துப்போய்விட்டது. தான் மற்ற ஆட்களுக்கும் நிறுக்க வேண்டும், நீங்களே கதையுங்கோ என்று சொல்லிவிட்டு அங்கால் திரும்பிவிட்டார்.

குவியலைப் பார்த்தபடியே அப்பா கேட்டார்.

"பிறிட்ஜுக்குள்ளை வைச்சாலும் அழுகுது. வேறை எங்கை வைக்கிறது, பிள்ளை?"

எனக்குப் பதில் தெரியும். ஆனால் பின்னேரம் வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

குகன் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டார். படலைக்கு வெளியே நின்றுகொண்டார். "நீர் போயிட்டு வாரும். நான் இதிலை நிக்கிறன்."

சமையலறையில் எதுவும் இடம் மாறவில்லை. நான் கை துடைக்கிற துண்டு கதவுக்குப் பின்னால் அதே ஆணியில் தொங்கியது. தோய்த்துக் காயவிட்டிருந்தார்.

பிறிட்ஜைத் திறந்தேன். தக்காளியைக் கழுவி, ஈரத்தோடேயே சொப்பிங் பையில் போட்டு, இறுக்கி முடிந்து வைத்திருந்தார். சுத்தமாக வைத்தால் கெடாது என்று நினைத்திருக்கிறார், பாவம்...

நல்லதைப் பிரித்துத் துடைத்தேன். சுளகில் பழைய பேப்பரை விரித்து, காம்புப் பக்கம் கீழே இருக்க, ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்கினேன். பழம் ஒரு கரை, செங்காய் ஒரு கரை. வெயில் படாத, காற்று வருகிற மூலையில் சுளகை வைத்தேன். கனிந்துபோன நாலைந்தை வெட்டித் தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்தேன். அப்பா கதவடியில் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தார்.

சொதி நுரைத்து வந்தபோது யன்னலால் படலையைப் பார்த்தார்.

"உவர் ஏன் வெயிலுக்கை நிக்கிறார்? உள்ளை வரச் சொல்லு. இடியப்பம் வாங்கி வைச்சிருக்கிறன்... மூண்டு பேருக்குக் காணும்."

நான் வருவேன் என்றுதான் சொல்லியிருந்தேன். குகனும் வருவார் என்று நான் சொல்லவேயில்லை.

குகன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கித் தயங்கி வந்தார். அப்பா ஜெபம் சொன்னார். குகனும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு அப்பாவே குகனின் கோப்பையில் இடியப்பத்துக்கு மேல் சொதியை ஊற்றி, இப்போது விளைமீன் படுகிறதா என்று கேட்டார். கடலைப் பற்றிக் கேட்டால் குகனுக்குச் சொல்லவா வேண்டும்... இடியப்பம் ஆறிப்போகும் வரைக்கும் கதைத்தார்கள்.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அப்பா இருந்தார்.

இப்போது சுப்பர் மார்க்கெட்டில் வருடம் முழுக்கத் தக்காளி கிடக்கிறது. எல்லாம் ஒரே அளவு, ஒரே சிவப்பு. மாசிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. வசதிதான், குறை சொல்லவில்லை.

போன மாதம் சிநேகிதி ஒருத்தி, தம்பியோடு கோபித்து அவனுடைய நம்பரை பிளொக் பண்ணிவிட்டதாகச் சொன்னாள். மூன்று வருடமாம். அவன் கனடாவில், இவள் கோண்டாவிலில்.

எங்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை... எவ்வளவு கோபமென்றாலும், தக்காளி வாங்க ஒரே சந்தைக்குத்தான் போகவேண்டியிருந்தது.