மணலில் தேடியவள்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ்களை ஃப்ரேமில் பொருத்துவது அவள் வேலை. கணவன் வெளிநாட்டு வேலைக்குப் போன பிறகு மாலையில் துணை மகள் மட்டும்தான். மகளுக்கு எட்டு வயது, ஆட்டிசம். பேச்சு குறைவு. சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வாள்.

ஐந்தரைக்கு இருவரும் பூங்காவுக்குப் போவார்கள். அம்மாக்கள் கூடும் பெஞ்சின் ஓரத்தில் அவளும் உட்காருவாள். யாராவது "என்னங்க, வேலை முடிஞ்சதா?" என்று கேட்டுவிட்டால் அன்றைக்கு அதுவே போதும்.

ஒரு நாள் ஊஞ்சலிலிருந்து ஒரு பொடிசு விழுந்தது. போட்டிருந்த கண்ணாடி தெறித்துப் போனது. ஊரைக் கூட்டும் அழுகை. குழந்தைகள் ஓடிவந்து தூக்கினார்கள், முட்டியில் ஊதினார்கள். மகள் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு, பொடிசைத் தாண்டிப் போய் வேலியோரம் நின்றாள்.

"பொண்ணா கல்லாங்க இது? கொஞ்சங்கூட இரக்கமே கிடையாதா?" என்றாள் பொடிசின் அம்மா.

அவள் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மறுநாள் மகள் அவளை இழுத்துக்கொண்டு ஊஞ்சலடிக்கே போனாள். மண்டியிட்டு, மணலை விரலிடுக்கில் சலித்தாள். அடுத்த நாளும் அதேதான். ஏதோ விளையாட்டு என்று அவள் தள்ளி நின்றாள். பெஞ்சுக்குப் போகக் கால் வரவில்லை.

மணல் சலித்த நான்காம் நாள் மகள் எழுந்தபோது கையில் ஒரு லென்ஸ். நேரே போய்ப் பொடிசின் மடியில் வைத்தாள். முகத்தைப் பார்க்காமல் திரும்பிவிட்டாள்.

"ஐயே, இது எதுக்கு? புதுசே வாங்கியாச்சு!" பொடிசின் அம்மா சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் தங்கையைப் போனில் கூப்பிட்டாள்.

"நாலு நாளா தேடியிருக்காடி. எல்லாரும் அழுறதப் பாத்தாங்க. இவ தொலைஞ்சதப் பாத்திருக்கா."

"அப்ப குணமாயிட்டு வருதாக்கா?"

"குக்கர் விசிலடிக்குது, வெச்சுடறேன்." அடுப்பு பற்றவைக்கப்படவே இல்லை.

இப்போது சில மாலைகளில் பொடிசு ஊஞ்சலை விட்டு மணலுக்கு வருகிறது. இரண்டும் பேசிக்கொள்வதில்லை, பக்கத்தில் பக்கத்தில் குழி தோண்டுகின்றன. பெஞ்சிலிருந்து யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை. குழாயடிக் கல்லில் தனியே உட்கார்ந்து, இருட்டும்வரை அந்த இரண்டு முதுகுகளையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.