நாற்பத்தேழாம் எண் வெங்காயம்

தில்லியில் பயிர் ரகங்களைச் சேமித்துவைக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேணு உதவியாளர். தாராபுரத்துக்காரர், படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. நுண்ணோக்கியைத் துடைக்கச் சேர்ந்தவர், துடைத்துத் துடைத்தே அதில் பார்க்கவும் கற்றுக்கொண்டார்.

நாற்பத்தேழாம் எண் வெங்காயத்தைப் பதினோரு வருஷமாக அவர்தான் நட்டுவந்தார். பூக்கும், விதை பிடிக்காது. வெங்காயத்தையே பிரித்து நட்டால்தான் உண்டு. ஒரு வருஷம் விட்டால் போயிற்று.

தொண்ணூற்றேழு டிசம்பரில் இடநெருக்கடி. ஒரே ரகம் இரண்டு எண்ணில் இருந்தால் ஒன்றைக் கழிக்கச் சொல்லிவிட்டார்கள். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த விஞ்ஞானி ஹம்சா போட்ட பட்டியலில் நாற்பத்தேழும் இருந்தது.

"முப்பத்தொண்ணும் இதுவும் ஸேம்தானே, வேணுஜி? ரெண்டும் நம்ம சாம்பார் வெங்காயம்."

"பார்க்கத்தான் ஒண்ணாட்ட இருக்குதுங்க மேடம். இது வெதையே புடிக்கிறதில்லீங்க."

"சின்ன வெங்காயம் நிறைய அப்படித்தான். ப்ரூஃப் குடுங்க. வெள்ளிக்கிழமை நான் கையெழுத்துப் போட்டாகணும்."

சின்னதோ பெரியதோ, வெங்காயத்தின் ஒரு செல்லில் எட்டு ஜோடியாகப் பதினாறு குரோமோசோம். வேர் நுனிக்குச் சாயமேற்றி நசுக்கினால் எண்ணிவிடலாம். ஆனால் அந்தக் குளிரில் வேர் விடவேண்டுமே! வேணு ஒரு வெங்காயத்தைத் தண்ணீர் பாட்டிலின் வாயில் உட்காரவைத்து, முனிர்காவில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுபோய், மஃப்ளரைச் சுற்றி அடுப்படியில் வைத்தார்.

"நமக்கே போத்திக்க ஒரு ரஜாய்தான். ஆபீஸ் வெங்காயத்துக்குக் கம்பளியாக்கும்?" என்றாள் மனைவி அருக்காணி. மறுநாள் பகலில் அவளே அதை வெயில் விழும் ஜன்னலுக்கு மாற்றியிருந்தாள்.

புதன்கிழமை வேர் எட்டிப்பார்த்தது. வியாழன் காலையில் நுனிகளை நறுக்கி ஊறப்போட்டார். வெள்ளிக்கிழமை முதல் ஸ்லைடில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. இருபத்திரண்டா, இருபத்துமூன்றா? சந்தேகக் கணக்கைச் சொல்ல அவருக்கு மனமில்லை, தூக்கிப்போட்டார். எட்டாவது ஸ்லைடில் கட்டைவிரல் சரியாக அழுந்தியது. சாயமேறிய சிறு குச்சிகள் தனித்தனியாகப் பரவிக் கிடந்தன.

ஹம்சாவைக் கூப்பிட்டார்.

"ஏக், தோ, தீன்..." அவள் நெடுநேரம் எண்ணினாள். "சௌபீஸ். ரெண்டு செல்லைச் சேர்த்து எண்ணிட்டேனா?"

"ஒரே செல்லுதானுங்க. மூவெட்டு இருபத்திநாலு. எனக்கும் அதேதான் வந்துதுங்க."

இன்னும் நான்கு செல்களைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் இருபத்துநான்கு.

"மூணு மூணா இருந்தா ஜோடி சேராது. ஸீட் எப்படி வரும்? இது சாம்பார் வெங்காயமே இல்ல, வேணுஜி!"

பட்டியலில் அந்த வரியை அடித்துவிட்டு, பதிவேட்டை எடுத்தாள். "வருஷா வருஷம் நடணும்னு எழுதறேன். யார் பேரைப் போட?"

"எம் பேரையே போடுங்க. இன்னும் ஒம்பது வருஷம் சர்வீஸ் இருக்குதுங்க."

"அதுக்கப்புறம்?"

"அதுக்குள்ள பிரிஞ்சு பிரிஞ்சு ரெண்டு பாத்தி ஆயிருக்குமுங்க. அத்தனை வெங்காயமும் மூட்டையில மொளைச்சுக்கிட்டு நின்னா, யாராச்சும் நடாமயா போவாங்க?"