மினுக்காத பெல்ட்

போன வாரம் என் மச்சினன் செல்லையா பொகவந்தலாவையிலிருந்து அட்டனில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். மறுநாள் காலை ஒரு தேயிலைத் தோட்டத்து மேலாளரான பெரிய துரையைப் பார்க்க வேண்டும். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்பும் கணக்கப்பிள்ளை வேலை! கொழுந்தெடுத்தே வளர்ந்த குடும்பத்தில் முதல் ஆள் — சும்மாவா?

அவன் போட்டுப்போகும் காற்சட்டை என்னுடையது. என் வயிறே அதைப் பிடித்துக்கொள்ளும், பெல்ட் வேண்டாம். அவனுக்கோ இடுப்பில் நிற்கவில்லை. துரை முன்னால் அது இறங்கினால் வேலையும் இறங்கிவிடுமே!

கடைவீதிக்குப் போனோம். செல்லையா மின்னுகிற பெல்ட்டை எடுத்தான். செருப்புக் கடையில் வேலை பார்த்தவன் நான்... விடுவேனா?

"ஓரத்தப் பாருடா. அடுக்கடுக்கா இருக்கு. துண்டுத் தோல ஒட்டி சாயம் பூசியிருக்கான்."

அடுத்தது ஆட்டுத்தோல். மெத்தென்றிருந்தது, இழுத்தால் நீண்டுகொண்டே வந்தது. கடைசியாக எருமைத்தோல் — ஒரே துண்டு, நல்ல தடிப்பு, மினுக்கம் துளியும் இல்லை. மடித்தால் சுருங்கியதே தவிர வெடிக்கவில்லை.

"இத ஒன் மகனும் கட்டுவான்" என்று சொல்லி வாங்கவைத்தேன்.

வரும் வழியில் மழை. அட்டனில் வேறென்ன வரும்? பெல்ட் ஊறிப்போயிற்று. நம் மலைநாட்டில் நனைந்த எதுவும் எங்கே போகும்? கம்பளி, காலுறை, விறகு... எல்லாம் அடுப்புக்கு மேலேதான். செல்லையா பெல்ட்டையும் அங்கேயே தொங்கவிட்டுத் தூங்கிவிட்டான்.

காலையில் அது வறட்டி போல விறைத்திருந்தது. மாட்டி இழுத்தான் — படக்! ஓட்டையோரம் இரண்டாகப் போயிற்று. தோலைப் பற்றி அத்தனை பேசிய எனக்கு, நனைந்தால் நிழலில் உலர்த்து என்று சொல்லத் தோன்றவில்லை.

"பஸ் போயிருமே மச்சான்!" அழாத குறைதான்.

என் மனைவி மீனாட்சி கல்யாணத்துக்கு முன் கொழுந்தெடுத்தவள். உள்ளே போய் ஒரு கயிற்றோடு வந்தாள். மலையில் நனையாமலிருக்க இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக் கட்டும் கயிறு அது. தம்பியின் காற்சட்டையை அதால் இறுக்கிக் கட்டி, கயிறு தெரியாதபடி மேலே ஒரு கோட்டு மாட்டிவிட்டாள்.

துரை முன்னால் ஆடாமல் அசையாமல் நின்றானாம். வேலை கிடைத்துவிட்டது! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நேற்று புது பெல்ட்டோடு வந்து கயிற்றை நீட்டினான். மீனாட்சி வாங்கவில்லை.

"நீயே வச்சுக்கடா. பெரட்டுல கொழுந்தெடுக்குற பொம்பளைங்கள வையத் தோணுச்சுன்னா, இத ஒரு தடவ இடுப்புல கட்டிப் பாரு."