கரை மாறியவருக்கு ஒரு சீட்டு

லுகோவ்ஸ்க் ஊருக்குப் பட்டம் கொடுப்பதும் பிடுங்குவதுமே மேலிடத்துக்கு வேலையாகப் போயிற்று. ரஷ்ய மகாராணி காலத்தில் அதை நகரம் என்றார்கள். நீல நிறத்தில் ஒரு படகு வரைந்து, இதுதான் உங்கள் சின்னம் என்றார்கள். அப்புறம் சின்னம் இருந்தது, நகரம் என்ற பேர் போய்விட்டது. புரட்சிக்குப் பின்னால் மாவட்டத் தலைமையிடம் ஆக்கினார்கள். இடது கரையில் மர ஆலை வந்ததும் அலுவலகங்களை எல்லாம் தூக்கி அங்கே வைத்தார்கள். வலது கரை மேட்டில் பழைய தேவாலயமும் கடைத்தெருவும் வீடுகளும். இடது கரையில் ஆலையும் கப்பல்துறையும் அரசாங்கமும். நடுவில் வெத்லுகா ஆறு. பிறந்தாலும் செத்தாலும் கல்யாணம் செய்தாலும் ஆற்றைக் கடந்து போய்த்தான் எழுதிவிட்டு வர வேண்டும்.

அப்படிக் கடக்க வைத்தவர் நிகாண்டர் பூச்கோவ். கோடையில் தோணித்துறை அவர் பொறுப்பு, குளிர்காலத்தில் ஐஸ் பாதை. இருபத்தாறு வருடமாக அதே வேலை. நடுவில் போருக்குப் போய்விட்டு இடது கையில் இரண்டு விரல் குறைந்து திரும்பினார். நாற்பத்தொன்பதாம் வருடம் மனைவி மார்ஃபா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். பிள்ளை கிடையாது. வலது கரையில் ஒரு மரவீடு, ஆறு கோழி, அவ்வளவுதான்.

ஐஸ் விஷயத்தில் மனிதர் இரும்பு. ஆற்றில் மூன்று இடத்தில் துளை போட்டு தினமும் அளப்பார். இன்றைக்கு லாரி போகலாம், இன்றைக்கு குதிரை வண்டி மட்டும், இன்றைக்கு ஆள் மட்டும் என்று அவர் பலகையில் எழுதினால் அதற்கு மேல் பேச்சில்லை. ஒரு தடவை மாவட்டத் தலைவரே பனிவண்டியில் வந்து வழி விடு என்றார். நிகாண்டர் குதிரையின் முகத்துக்கு நேரே போய் நின்றுகொண்டார். தலைவர் கத்தினார், திட்டினார், கடைசியில் இறங்கி நடந்தார். இரண்டு நாள் கழித்து அந்த இடத்தில் ஐஸ் உள்ளே போயிற்று. அதன் பிறகு தலைவர் அவரைப் பார்த்தால் முதலில் தொப்பியைத் தொடுவார்.

இவ்வளவு தைரியசாலிக்கு வாய் மட்டும் கிடையாது.

தினமும் மதியம் ஆற்றைக் கடந்து அலுவலகத்துக்குப் போய் ஐஸின் கனத்தைச் சொல்ல வேண்டும். அதை எழுதிக்கொள்பவர் பதிவுக்கார அம்மா கபிதோலினா சாவிஷ்னா. வயது நாற்பத்தேழு. புருஷன் போரில் காணாமல் போனவன். செத்தான் என்ற தாளும் வரவில்லை, ஆளும் வரவில்லை. கடைசியில் செத்தவன் என்று கோர்ட்டில் எழுதி வாங்கினார். ஊரில் யார் கல்யாணம் செய்தாலும் அந்த அம்மாவின் மேஜைக்கு முன்னால்தான் நிற்க வேண்டும்.

ஒன்பது குளிர்காலமாக இருவருக்கும் நடந்த பேச்சு இதுதான்: எவ்வளவு என்று அந்த அம்மா கேட்பார். அறுபத்திரண்டு சென்டிமீட்டர் என்று இவர் சொல்வார். அந்த அம்மா எழுதிக்கொண்டு, ஒரு கோப்பை தேநீரும் மீன் வைத்துச் சுட்ட ரொட்டியில் ஒரு துண்டும் நகர்த்தி வைப்பார். இவர் தின்றுவிட்டு, குனிந்து நன்றி சொல்லிவிட்டு வருவார். அலுவலகத்துக்கு வரும் வேறு யாருக்கும் மீன் ரொட்டி கிடையாது. இது ஊருக்கே தெரியும். தெரியாதவர் நிகாண்டர் ஒருவர்தானோ என்று ஊர் சந்தேகப்பட்டது.

அறுபத்து மூன்றாம் வருடம் ஜனவரியில் மேலிடத்திலிருந்து தாள் வந்தது. லுகோவ்ஸ்க் மாவட்டம் கலைக்கப்படுகிறது. எண்பது கிலோமீட்டர் தள்ளி ஆற்றின் மேல்பக்கம் இருக்கும் நகரத்தோடு சேர்க்கப்படுகிறது. பதிவுப் புத்தகங்களும் அவற்றின் பொறுப்பாளரும் ஐஸ் விலகி ஆறு திறந்ததும் முதல் கப்பலில் அங்கே போய்ச் சேர வேண்டும். லுகோவ்ஸ்கில் ஓர் ஊர் மன்றம் மட்டும் மிஞ்சும்.

தாளை ஊரே திட்டியது. நிகாண்டர் திட்டவில்லை. வீட்டுக்கு வந்து விரலை மடக்கிப் பார்த்தார். ஏப்ரல் முதல் வாரம் பாதையை மூட வேண்டும். பிறகு ஐஸ் உடையும். ஐஸுக்குப் பின்னாலேயே வெள்ளம், வெள்ளத்தோடு ஆலைக்கு மிதந்து வரும் மரக்கட்டைகள். அந்த நாட்களில் சின்னப் படகு இறக்கக் கூடாது என்று உத்தரவு. எழுதச் சொன்னதே அவர்தான். பெரிய கப்பல் மட்டும் வரும். அதுவும் இடது கரையில் மட்டும் நிற்கும். தோணி ஓட மே மாதக் கடைசி ஆகும். அதாவது, பாதையை மூடும் நாளுக்குள் வாயைத் திறக்காவிட்டால் அந்த அம்மா கப்பல் ஏறுவதை மேட்டில் நின்று பார்க்கலாம். அவ்வளவுதான் மிச்சம்.

மூன்று மாதம் இருந்தது. மூன்று மாதமும் அவர் சென்டிமீட்டர் மட்டுமே சொன்னார்.

தபால்காரி உஸ்தீன்யாவுக்குப் பொறுக்கவில்லை. தினமும் தபால் பையோடு ஆற்றைக் கடப்பவள் அவள். அவருக்கு அடுத்த வீடு.

"அண்ணே, ஐஸ் எத்தனைன்னு சொல்ல மட்டும் உனக்கு வாய் இருக்கு," என்றாள். "நீ வேணா ஒரு கடுதாசி எழுது. நான் கொண்டு போறேன். ஸ்டாம்புகூட வேணாம்."

"உன் வேலையப் பாரு."

"அதான் என் வேலை. கடுதாசி கொண்டு போறது."

ஏப்ரல் நான்காம் தேதி கனம் முப்பதுக்குக் கீழே போயிற்று. ஐஸ் மேல் தண்ணீர் நின்றது. அன்றைக்கு எப்படியும் பேசுவது என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார். அலுவலகத்தில் கபிதோலினா சாவிஷ்னா புத்தகங்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்து எவ்வளவு என்று கேட்டார். இருபத்தெட்டு என்றார் இவர். வேறு ஏதாவது உண்டா என்று அந்த அம்மா கேட்டார். கேட்டுவிட்டு, கயிற்றை முடிச்சுப் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"தண்ணி மேல ஏறுது," என்றார் நிகாண்டர்.

அந்த அம்மா முடிச்சைப் போட்டார். நாளைக் காலையிலிருந்து பாதை மூடல் என்று தலைவரின் கையெழுத்தோடு உத்தரவு வந்தது. நிகாண்டர் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்.

மூடும் நாளுக்கு ஒரு முறை உண்டு. பனிமூட்டத்தில் வழி தெரிய, பாதையின் இரண்டு பக்கமும் சின்ன ஃபிர் ஊசியிலை மரங்களை வெட்டி நட்டு, அடியில் தண்ணீர் ஊற்றி உறைய வைப்பது வழக்கம். மொத்தம் எண்பத்து நான்கு. மூடும்போது ஒன்றுவிடாமல் பிடுங்கிவிட வேண்டும். விட்டுவிட்டால் வெளியூர்க்காரன் அதைப் பார்த்து, பாதை இருக்கிறது என்று நம்பி இறங்குவான். போருக்கு முன் ஒரு மாட்டு வைத்தியர் அப்படித்தான் போனார். நிகாண்டர் எப்போதும் இடது கரையின் தடுப்புக் கம்பை முதலில் இறக்குவார். அங்கிருந்து பிடுங்கிக்கொண்டே வந்து, வலது கரையில் முடித்து, இந்தக் கம்பையும் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போவார். மேட்டில் நின்று வேடிக்கை பார்ப்பது ஊருக்குப் பழக்கம். இனிமேல்தான் வசந்தம் என்று அர்த்தம்.

அன்றைக்குக் காலையில் அவர் உஸ்தீன்யாவின் கதவைத் தட்டி வீட்டுச் சாவியைக் கொடுத்தார். கோழிக்கு இரை போடச் சொன்னார்.

"எத்தன நாளைக்கு?"

நிகாண்டர் கடப்பாரையும் இழுவை வண்டியுமாக இறங்கிப் போனார். உஸ்தீன்யா சாவியைப் பார்த்தாள், அவரது முதுகைப் பார்த்தாள். பிறகு சால்வையைப் போர்த்திக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள்.

நிகாண்டர் வலது கரைக் கம்பை முதலில் இறக்கினார். சங்கிலி போட்டுப் பூட்டினார். பூட்டிய கம்புக்கு ஆற்றுப் பக்கம் நின்றுகொண்டு, முதல் மரத்தின் அடியில் கடப்பாரையைப் போட்டார். மேட்டில் இருந்தவர்களுக்கு முதலில் புரியவில்லை. மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டதா, தப்பான பக்கத்திலிருந்து பிடுங்குகிறாரே என்று ஒரு கிழவர் சொன்னார். பிறகு ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். அவர் ஒவ்வொரு மரமாகப் பிடுங்கி வண்டியில் போட்டு இழுத்துக்கொண்டே போனார். அவருக்குப் பின்னால் பாதை இல்லாமல் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

இடது கரையில் ஏறி, கம்பை இறக்கி, மரங்களோடு நேரே அலுவலக வாசலுக்கு வந்தார். கம்பளிப் பூட்ஸ் முழங்கால் வரை நனைந்திருந்தது. உள்ளே கபிதோலினா சாவிஷ்னா ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. நிகாண்டரைக் கண்டதும் மேஜைக்கு வந்து உட்கார்ந்து, இழுப்பறையைத் திறந்தார்.

ஒவ்வொரு வருடமும் யாராவது நாலு பேர் கரை மாறி மாட்டிக்கொள்வார்கள். அவர்களை ஒரு வீட்டில் தங்க வைக்க அலுவலகம் சீட்டு எழுதித் தரும். அந்த அம்மா ஒரு சீட்டை எடுத்து, பேனாவை மையில் தொட்டார். பேரை எழுதினார். வலது கரைவாசி என்று எழுதினார்.

"மாட்டிக்கிட்ட காரணம்?"

"உங்களுக்கே தெரியும், கபிதோலினா சாவிஷ்னா."

"எனக்குத் தெரியுறத எழுத முடியாது. நீங்க சொல்லணும்."

நிகாண்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நீங்க கப்பல் ஏறிட்டா," என்றார் கடைசியில், "எத்தன சென்டிமீட்டர்னு நான் யாருகிட்ட வந்து சொல்றது?"

பிறகு அந்த அம்மா மெல்ல எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்.

"கப்பல்ல புத்தகம் போகும். கூட ஒரு காவலர் போவார். ஊர் மன்றத்துல ஒரு மேஜை காலியா இருக்கு, இருக்கீங்களான்னு தலைவர் பிப்ரவரியிலயே கேட்டார். பாதைய மூடுற அன்னைக்குச் சொல்றேன்னு சொல்லியிருந்தேன்."

"ஏன் அன்னைக்கு?"

"நீங்க எந்தப் பக்கத்துலேருந்து பிடுங்குறீங்கன்னு பார்க்கணும்ல."

சீட்டை மடிக்காமல் நீட்டினார். நிகாண்டர் எழுத்துக் கூட்டி வாசித்தார். தங்கும் வீடு என்ற இடத்தில் ஆலைத் தெரு, ஏழாம் எண் என்று இருந்தது. அது அந்த அம்மாவின் வீடு. எதுவரை என்ற இடத்தில், எல்லாச் சீட்டிலும் தோணி ஓடும் வரை என்று எழுதுவார்கள். அந்த இடம் காலியாக இருந்தது.

"இத எழுத விட்டுட்டீங்க."

"விடல," என்றார் அந்த அம்மா. "பூட்ஸக் கழட்டுங்க. அடுப்புப் பக்கத்துல வைக்கிறேன்."

மூன்றாம் நாள் காலையில் ஆற்றில் ஐஸ் உடைந்தது. கப்பல் வந்தது, புத்தகங்கள் போயின. உஸ்தீன்யா மே மாதக் கடைசியில் முதல் தோணியில் ஆறு கோழியையும் கூடையில் போட்டுக் கொண்டுவந்து சேர்த்தாள்.

அடுத்த ஏப்ரலிலும் நிகாண்டர் வலது கரையிலிருந்துதான் பிடுங்கத் தொடங்கினார். மேட்டில் நின்றவர்களில் ஒருவரும் அதைத் தப்பு என்று சொல்லவில்லை. வீட்டுப் பக்கமாகத்தானே வந்து முடிக்க வேண்டும்.