கொடிப்பந்தலில் மூலை இருக்கை

அளவெடுக்க நான் போனபோது அறையில் அந்த வீட்டு ஐயா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர். கட்டிலில் அவர் சம்சாரம். இடது பக்கம் வாதம் அடித்து எட்டு மாதமாகப் படுக்கை, பேச்சு மட்டும் தெளிவு. தலைமாட்டில் அந்த அம்மாவின் தங்கச்சி. அறை வாசலில் கொத்தனார். கால்மாட்டில் அளவு நாடாவோடு நான்.

புயலடித்த மறு வருஷம் அது. தோட்டத்துப் பூவரசு விழுந்து கிடந்தது. கொடிப்பந்தலுக்குக் கொத்தனார் நாலு செங்கல் தூண் எழுப்பியிருந்தார். தூணுக்குத் தூண் பலகை கோத்து இருக்கை போடுவது என் வேலை. அதில் ஒரு மூலை அந்த அம்மாவுக்கு. இரண்டு பக்கமும் கை வைக்கக் கட்டை, முதுகுக்குச் சாய்மானம். யாரும் பிடிக்காமல் அவர் உட்கார வேண்டும்.

"கொஞ்ச நேரம் அவ தன்னால உட்கார்ந்தா போதும் ஆசாரியாரே" என்றார் ஐயா. "எந்நேரமும் யாராவது பிடிச்சுக்கிட்டே இருக்கோம். அதுலயே அவளுக்கு உசிரு போவுது."

பாதத்திலிருந்து முழங்கால் வரை உயரம் வேண்டும். நாடாவை விரித்தேன். அந்த அம்மா நல்ல கையால் போர்வையை இழுத்துக் காலை மூடினார்.

"படுத்தவளை நீங்க எதுக்கு அளப்பீங்கன்னு ஊருக்கே தெரியும். நான் இன்னும் இருக்கேன்."

சொன்னதில் தப்பில்லை. எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர் வீட்டுச் சாவுக்குப் பெட்டி செய்கிறவனும் நான்தான்.

"இது உட்காரத்தாம்மா" என்றேன்.

"எதுக்கோ. படுத்தவ மேல நாடா படக்கூடாது."

கொத்தனாருக்கு வாய் சும்மா இருக்காது. "இவரு தெருவுல எதிர்ல வந்தா நான் நெஞ்சை நிமித்திக்கிட்டுதான் போவேன்மா. கொஞ்சம் சாஞ்சாலும் அளந்துடுவாரு."

அந்த அம்மா சிரித்துவிட்டார். போர்வையை மட்டும் விடவில்லை.

"என்னை அளங்க" என்றார் தங்கச்சி. "அக்காவும் நானும் ஒரே உசரம். பின்னாலேர்ந்து பாத்தா அத்தானுக்கே யாருன்னு தெரியாது."

நாற்காலியில் உட்காரச் சொல்லி அவரை அளந்தேன்.

இருக்கைக்கு அடியில் போகும் சட்டங்களின் முனையைத் தூணுக்குள் விட்டு, கொத்தனார் சிமெண்டு வைத்துப் பூசினார். இனி இறக்குவதென்றால் தூணை இடிக்க வேண்டும். பலகை நன்றாகவே அமைந்தது. விளிம்பு தொடையை அறுக்காதபடி இழைத்து உருட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஐயாவும் தங்கச்சியும் அவரைத் தூக்கி வந்தார்கள். மூலையில் இருத்தினார்கள்.

"விடுங்க" என்றார் அந்த அம்மா.

விட்டார்கள். பாதம் தரையில் படவில்லை, தொங்கியது. ஊன்ற இடமில்லாமல் இடுப்பு முன்னால் வழுக்கியது. ஐயா பாய்ந்து பிடித்தார்.

"விடச் சொன்னேன்ல."

மறுபடி விட்டார். மறுபடி வழுக்கியது. பிறகு அந்த அம்மாவே சொன்னார்.

"பிடிச்சுக்கங்க."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. நிற்கிற உயரம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அதில் கால் எவ்வளவு, உடம்பு எவ்வளவு என்று யாரும் பார்த்ததில்லை. தங்கச்சிக்குக் கால் நீளம்.

"காலுக்கு அடியில ஒரு பலகை போட்டா நின்னுடும்மா. சாயங்காலமே கொண்டாறேன்" என்றேன்.

"போதும் ஆசாரியாரே" என்றார். என்னைப் பார்க்கவில்லை. "என்னங்க, உள்ள கொண்டு போங்க."

சாயங்காலம் பலகையோடு போனேன். தங்கச்சி வாசலுக்கு வந்தார்.

"அக்கா சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துடுச்சு. இனிமே வெளியில கூப்பிடாதீங்கன்னு சொல்லிடுச்சு."

மறுநாள், அதற்கு மறுநாள் என்று ஐயா கூப்பிட்டுப் பார்த்தார். அந்த அம்மா வரவே இல்லை. நான் வைத்துவிட்டு வந்த கால்பலகை தூணோரம் கிடந்தது. இனி அது எதற்கென்று கை வைக்கும் கட்டையைக் கழற்றி எடுத்துப் போக நான் போனபோது ஐயா மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தார். கட்டை அப்படியே இருக்கட்டும் என்றார். பிறகு அந்தப் பலகையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எவ்வளவு உசரம்?"

சொன்னேன்.

இரண்டு அங்குலம்.