பட்டு வேட்டியில் தீர்த்தமாடிய கதை

இன்றைக்கு ராமேஸ்வரத்தில் என்னைப் போல ஒரு மடையன் இருக்க முடியாது. முகூர்த்தத்துக்கு நேரம் இருக்கிறதே, சத்திரத்தில் சும்மா உட்கார்ந்து என்ன செய்ய என்று கோயிலுக்குள் வந்தவன், கல்யாணத்துக்கென்று மச்சினனிடம் இரவல் வாங்கிய பட்டு வேட்டியோடு தீர்த்தமாட நிற்கிறேன். போட் மெயில் ரயிலில் மடிப்புக் கலையாமல் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த வேட்டி! தலையில் நாலு சொட்டுத் தெளிப்பார்கள் என்று நினைத்தேன். கிணற்றுச் சுவரில் நிற்கிறவரோ வாளித் தண்ணீரை அப்படியே கவிழ்க்கிறார். ஆரம்பித்தால் பாதியில் நிறுத்தக்கூடாதாம். இருபத்திரண்டு கிணறுகளில் பாதி இன்னும் பாக்கி. தோளில் போட்ட சிவப்புத் துண்டு சாயம் விட்டு, வெள்ளைச் சட்டை ரோஜாப்பூ நிறத்துக்கு வந்துவிட்டது. பின்னால் வருகிறவர்கள் சாமியை மறந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

வாளிக்காரர் அதற்குள் ஓடிப்போய் அடுத்த கிணற்றில் ஏறிவிட்டார். கெஞ்சுகிறேன்.

"அண்ணே, கல்யாணத்துக்குப் போகணும். வேட்டி இரவல். கொஞ்சமாத் தெளிச்சு விடுங்கண்ணே."

கயிற்றை இழுத்தபடியே கேட்கிறார்: "மாப்பிள்ளையா நீங்க?"

"இல்லண்ணே, பொண்ணுக்கு ஒண்ணுவிட்ட சித்தப்பா."

"அப்ப உங்கள யாரு பாக்கப் போறாக? குனிங்க."